கிதாரில் ஒட்டிய கை

எங்கள் அண்ணன் தன் கிதாரை எங்களைவிட நன்றாகக் கவனித்துக்கொண்டான் என்று சொன்னால் அம்மா இன்றும் மறுக்க மாட்டாள். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இருந்ததே இரண்டு அறை. அதில் ஒரு மூலை அதற்கு. கருகருவென்று, முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போலப் பளபளக்கும். நான் ஒருநாள் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். நறுக்கென்று தலையில் ஒரு குட்டு விழுந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. அவன் காலேஜ் இரண்டாம் வருஷம்.

அந்தக் கிதாரை அலங்கரிக்க வேண்டும் என்று அவனுக்கு எப்படியோ ஆசை வந்துவிட்டது. மயில், இலை, நட்சத்திரம் என்று மெல்லிய உலோகத் தகடுகளை வாங்கிவந்து ஒரு ஸ்வீட் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்தான். வாங்கியவன் ஒட்டிவிட வேண்டியதுதானே? ஒரு வாரம் ஒட்டவே இல்லை. ஆணி அடித்தால் விரிசல் விடுமாம், பசை போட்டால் பாலிஷ் உரியுமாம், டேப் ஒட்டினால் நாளடைவில் அந்த இடம் வெந்த தோல் மாதிரி ஆகுமாம். ஆசையும் அவனே படுகிறான், பயமும் அவனே படுகிறான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“இன்னா மாமே, கிதாருக்கு நகை பூட்டிகினு கீற? கண்ணாலம் கட்டிக்கப் போறியா?” என்று கோவில்பதாகையிலிருந்து வரும் அவன் சிநேகிதன் கிண்டல் செய்தான்.

கடைசியில் அப்பாதான் வழி சொன்னார். அவர் ஃபிட்டர். “ஏற்கெனவே இருக்கற ஓட்டைய விட்டுட்டு எதுக்குடா புது ஓட்டை?” என்றார். தோள்பட்டி மாட்டுவதற்குக் கிதாரின் அடியில் ஒரு திருகு உண்டு. அதைக் கழற்றி, மயிலின் காலில் துளை போட்டு, நடுவில் வட்டமாக வெட்டிய கம்பளித் துணியை வைத்து, அதே திருகால் முடுக்கினார். ஒரு கீறல் இல்லை. மற்றவற்றுக்கு அண்ணனே ஒன்று கண்டுபிடித்தான்: பசையில்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளை முதலில் ஒட்டி, அதன்மேல் தகட்டை ஒட்டுவது. அதையும் சும்மா செய்வானா?

“எதையும் மொதல்ல பின்பக்கம் ஓரமா ஒட்டிப் பாக்கணும். ஒரு நாள் வெச்சு, உரிச்சுப் பாத்து, ஒண்ணும் ஆகலன்னாதான் முன்பக்கம். தெரிஞ்சுதா?” என்று எனக்குப் பாடம் நடத்தினான். இலைகளை ஒட்டி முடித்தான். நட்சத்திரங்கள் மிச்சமிருந்தன.

அந்த வாரமே திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்தில் பைக் சறுக்கி விழுந்தான். இடது கை மணிக்கட்டில் ஆபரேஷன், மாவுக்கட்டு. கிதாரின் கம்பிகளை அழுத்துகிற கை அது. கிதார் அதன் உறைக்குள் போய் ஜிப்பை மூடிக்கொண்டது. அண்ணனும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தான்.

அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். கண்வலிக்குக் கண்மலர் சாத்துவதுபோல, கைக்கு வெள்ளித் தகட்டில் செய்த கை. கட்டுப் பிரித்ததும் வருகிற வெள்ளிக்கிழமை உண்டியலில் போடுவதாக வேண்டுதல். பூந்தமல்லியில் அதை வாங்கிவந்தவர் அப்பா. வேலை முடிந்து குளிக்காமல் பூஜை அலமாரியைத் தொடக்கூடாதென்று பொட்டலத்தை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். அம்மா எடுத்து வைத்திருப்பாள் என்று அவர் நினைக்க, அவரே உள்ளே வைத்திருப்பார் என்று அம்மா நினைக்க, பொட்டலம் ஸ்வீட் டப்பாவுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

பிரித்துப் பார்த்தேன். பளபளவென்று ஐந்து விரலோடு ஒரு குட்டிக் கை. இலை, மயிலோடு சேர்ந்ததுதான், வேறென்ன? அண்ணன் உம்மென்று இருக்கிறானே, ஒட்டி வைத்து அசத்திவிடலாம் என்று தோன்றியது. பிளாஸ்டிக் தாள் தீர்ந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளை டேப் இருந்தது. தோலையே ஒன்றும் செய்யாதது பாலிஷை என்ன செய்துவிடும்? ஆனாலும் அண்ணன் சொன்னபடி பின்பக்கம் ஓரமாக ஒட்டி, ஒரு நாள் விட்டு, உரித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. முன்பக்கம் ஒட்டி, ஜிப்பை மூடிவிட்டேன். கட்டுப் பிரிக்கும்வரை யாரிடமும் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை அப்பாவும் அண்ணனும் போய்க் கட்டைப் பிரித்துவிட்டு வந்தார்கள். “எக்ஸர்சைஸ் பண்ணாப் போதுமாம்” என்று அப்பா காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அண்ணன் உம்மென்றே சாப்பிட உட்கார்ந்தான். சோறு பிசையும்போது தட்டைப் பிடித்திருந்த இடது கையின் இரண்டு விரல்கள் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றன. கட்டுப் பிரித்தால் சந்தோஷமாக அல்லவா இருக்க வேண்டும் என்று குழம்பிப்போய், கிதாரைப் பற்றி அன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் அம்மா தலைகுளித்து, பூஜை அலமாரியைத் திறந்தாள். கை இல்லை. வீடே இரண்டுபட்டது.

“தாயே, ஒனக்குன்னு வாங்கினத தொலைச்சிட்டேனே! எம் புள்ள கை என்னாகும்?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண் தானாகக் கிதார் இருந்த மூலைக்குப் போனது. அண்ணன் என்னைப் பார்த்தான். எழுந்துபோய் வலது கையால் மெதுவாக ஜிப்பைத் திறந்தான்.

“அடிப்பாவி!” என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு டேப்பை உரிக்கக் கையை நீட்டினாள்.

“பாலிஷ் போகாது அண்ணா! பின்பக்கம் ஒட்டிப் பாத்துட்டேன்!” என்று நான் அழுதுகொண்டே கத்தினேன்.

அண்ணன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். “விடும்மா. அந்தக் கையாவது அதுல இருக்கட்டும்.”

அம்மா அவனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா பட்டுப்புடவையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அன்று யாரும் கோவிலுக்குப் போகவில்லை. எதற்கு இவ்வளவு என்று எனக்குப் புரியவில்லை. தொலைந்தது கிடைத்துவிட்டது, பாலிஷும் போகவில்லை. என் வேலை அண்ணனுக்குப் பிடித்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

“மிச்ச நட்சத்திரத்தையும் நானே ஒட்டட்டா அண்ணா?” என்று கேட்டேன்.

“ஒட்டு” என்றான்.

பின்பக்கம் ஒட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.