வாசல் நிலையில் ஓர் இலைமுகம்

என் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தது மாப்பிள்ளை வீடும் இல்லை, எங்கள் வீடும் இல்லை. மரத்தில் செதுக்கிய ஒரு மூஞ்சி.

நாற்பதுகளின் தொடக்கம், உலகச் சண்டைக் காலம். பென்னாகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம், ஓடு வேய்ந்த சின்ன மாதா கோயில், அதற்கொரு வெள்ளைக்காரச் சாமியார். அந்த வருஷம் கோயிலின் வாசல் நிலையைக் கறையான் அரித்துவிட்டது. புது நிலை செய்யும் வேலை தச்சரான என் அப்பாவுக்கு வந்தது. நாலு பூவும் ஒரு சிலுவையும் போட்டு முடித்திருக்கலாம். சாமியார் விட்டால்தானே? பெட்டியைக் குடைந்து ஒரு பழைய படத்தை எடுத்து வந்தார். அவர் பிறந்த ஊர்க் கோயில் தூணாம். தூணின் உச்சியில் ஒரு மனுஷன் தலை. அவன் வாயிலிருந்து இலைகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பி, கன்னத்தில் ஏறி, தாடியும் தலைமயிருமாகப் படர்ந்திருந்தன.

"இது யாருங்க சாமி, புனிதருங்களா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லை."

"அப்போ பேய்ங்களா?"

"அதுவும் இல்லை. எங்கள் தேசத்துப் பழைய கோயில்கள் பலவற்றில் இந்த முகம் இருக்கிறது. தூணில், கூரையில், பாடகர் உட்காரும் பலகைக்கு அடியில்கூட. காட்டுத் தெய்வம் என்பார்கள் சிலர். செத்த ஆதாமின் வாயில் போட்ட விதை முளைத்தது என்பார்கள் சிலர். செதுக்கியவர்கள் ஒன்றும் எழுதி வைக்கவில்லை."

எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. என்னவென்றே தெரியாத ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் வைப்பானேன்?

அப்பாவோ ஒரு படி மேலே போனார். படத்திலிருந்தது குளிர் தேசத்து மரத்தின் இலை. "பார்க்காத எலையச் செதுக்கினா உசுரு இருக்காது" என்று, நிலையின் மேல்கட்டையில் அந்த முகத்தைச் சுற்றித் தனக்குத் தெரிந்த இலையைச் செதுக்கினார். ரம்பப் பல் ஓரம், வளைந்த நுனி, நடு நரம்பு. அச்சு அசல் வேப்பிலை. சாமியார் பூரித்துப்போனார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது அப்பாவின் கொட்டகையில் மாசக்கணக்காகக் கிடந்த மரம், பார்த்துப் பழகிவிட்டது. வெளியூர்க்காரர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு ஜீவனும் யோசிக்கவில்லை, நானும்தான்.

மாப்பிள்ளைக்கு அரூர்ப் பக்கம். யாருக்கும் ஆட்சேபம் உண்டா என்று கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. திங்கட்கிழமை கல்யாணம், புதன்கிழமை தவக்காலம் ஆரம்பம். திங்கள் தவறினால் நாற்பது நாளுக்கு மேல், பாஸ்காத் திருநாள் முடியும்வரை தாலி கிடையாது. அதற்குள் யார் மனசு எப்படி மாறுமோ? மாப்பிள்ளையை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இந்த வயசில் அதைச் சொல்ல என்ன வெட்கம்?

பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க வேண்டும் என்பதால் முந்தின இரவிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. பட்டுப் புடவையில் வெந்துகொண்டு கோயிலுக்குள் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. வண்டிகள் புளியமரத்தடியில் நின்றன. யாரும் இறங்கவில்லை. போய்ப் பார்த்த என் மாமா தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பினார்.

"மாப்பிள்ளையோட அம்மா எறங்க மாட்டேங்கறாங்க. வாசல்ல வேப்பிலை இருக்குதாம். உள்ள அம்மை போட்டிருக்குதுங்கறாங்க."

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது எங்கள் பக்கத்து வழக்கம். பார்த்தால் வெளியாள் படி மிதிக்கமாட்டான். இங்கேயோ மூஞ்சி முழுக்க வேப்பிலை, போதாததற்கு அப்பாவின் உளிக்கொத்து அம்மைத் தழும்பு மாதிரியே இருந்தது.

ஒரு சாக்குப் படுதாவையாவது தொங்கவிடலாம் என்றார் மாமா. "என் வேலைய மறைக்கிறதுக்கு நான் என்ன திருட்டா பண்ணினேன்?" என்றார் அப்பா. "மூடநம்பிக்கைக்கு இடம் கொடுக்கமாட்டேன்" என்றார் சாமியார். மாமா வாசலுக்கும் புளியமரத்துக்கும் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தார். மணி பதினொன்று. பன்னிரண்டுக்குள் பூசை தொடங்கியாக வேண்டும். கல்யாணம் எனக்கு, ரோஷம் இவர்களுக்கு!

பொறுத்தது போதும் என்று எழுந்து நேரே வண்டிக்கு நடந்தேன். பெண் இப்படி வருவாளா என்று எல்லோரும் வாய் பிளந்தார்கள்.

"அத்தே, அது வெறும் மரம். எங்கப்பா செதுக்கினது. நீங்களும் வேதக்காரங்கதானே?"

"வேதக்காரிதான். அம்மைக்கு வேதம் தெரியுமா?" என்றார் அந்த அம்மாள். குரலில் கோபம் இல்லை. "எங்க தெருவுல ஒரு வூட்ல அம்மை போட்டிருந்துது. வெளிய தெரியக்கூடாதுன்னு வேப்பிலை செருகாம மறைச்சிட்டாங்க. தெரியாமப் போயி மோர் வாங்கியாந்தேன். இவனுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு புள்ளைங்களையும் அம்மைக்கு வாரிக் குடுத்தேன். செருகாத வூட்டுக்குப் போயே அப்படி. செருகியிருக்கிற வாசலுக்குள்ள இவனையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்றியா புள்ள?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். "அப்போ தலைக்குத் தண்ணி ஊத்திட்டா உள்ள வரலாந்தானே அத்தே?" என்று கேட்டேன். அம்மை இறங்கினால் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். ஊற்றிவிட்டால் பிள்ளை பிழைத்தது, வீடு சுத்தம்.

அந்த அம்மாள் என்னையே பார்த்தார். பிறகு, "நானே ஊத்தறேன்" என்றார்.

சாமியார் குறுக்கே வந்தார். பசி என்னைப் பேசவைத்தது. "சாமி, இது என்னன்னு உங்க ஊர்ல யாருக்கும் தெரியல. எங்க ஊர்ல தெரியுது. செத்த வழி விடுங்க." அவர் ஒதுங்கினார்.

மாடுகளை அவிழ்த்து வண்டியை வாசலுக்குத் தள்ளினார்கள். அந்த அம்மாள் மேலே ஏறி, மஞ்சள் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினார். ஊற்றும்போது இடது கையை அந்த மரமூஞ்சியின் நெற்றியில் அணைகட்டினார், கண்ணில் தண்ணீர் போகாமல். மூன்று செம்பு ஊற்றினார். முந்தானையால் கன்னத்தையும் வாயிலிருந்த இலைகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"அந்த ரெண்டுக்கும் ஊத்தற நாளே வரல" என்று மட்டும் சொன்னார், என்னிடமா அந்த முகத்திடமா தெரியவில்லை. பிறகு இறங்கி, மகன் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் கோயிலுக்குள் போனார்.