பொட்டு வைக்க அணைத்த சர்வர்

கன்னிகாவுக்குப் பொய் சொல்ல வராது. வரதய்யபாளையத்தில் ஒரே வாடகை அறையில் மூன்று வருடம் அவளோடு குப்பை கொட்டியவள் நான், எனக்குத் தெரியும்.

ஊத்துக்கோட்டைப் பெண். ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டியில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறாள். காண்ட்ராக்ட் வேலைதான், ஏப்ரலில் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். தங்கையை நர்சிங் சேர்த்ததே அதை நம்பித்தான்.

அங்கே இரண்டு சர்வர்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இரண்டு மெய்நிகர் கணினிகள், அதாவது மென்பொருளாலேயே ஆன கணினிகள், ஓடுகின்றன. ஆயுத பூஜையன்று எல்லா இயந்திரத்தையும் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைப்பது அங்கே வழக்கம். சர்வர் மட்டும் என்ன பாவம் செய்தது? போன வருடம் முதல் பெட்டியில் ஓடிய இரண்டையும் அடுத்த பெட்டிக்கு நகர்த்திவிட்டு, அதை அணைத்துக் கற்பூரம் காட்டினாள் கன்னிகா. சாயங்காலமே திரும்பக் கொண்டுவந்துவிட்டாள்.

மார்ச்சில், சர்வர் மென்பொருளை விற்ற நிறுவனத்திடமிருந்து லைசென்ஸ் தணிக்கைப் படிவம் வந்தது. கடந்த ஓராண்டில் ஒவ்வொரு சர்வரிலும் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை ஓடின என்று கேட்டிருந்தது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. இதிலென்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"நம்ம ரூம் மாரிதான்டி. ஓனர் ரூமுக்கு ரெண்டு பேருன்னுதான் உட்டுக்கீறாரு. பக்கத்து ரூமுக்கு வெள்ளையடிச்ச அன்னிக்கு அவங்களும் இங்க வந்து படுத்தா நாலு பேரு. அந்த ரூம் காலியாத்தான கீதுன்னா ஒத்துக்குவாரா? லைசென்ஸும் பொட்டிக்கு ரெண்டுன்னுதான். உள்ள ஓடறது இடம் மாறினா கூடவே போவாது. நாலு ஓட்டணும்னா அந்தப் பொட்டிக்கே இன்னொரு லைசென்ஸ் வாங்கியிருக்கணும்."

மேலாளர் சுரேஷ்பாபு தன்மையாகத்தான் சொன்னாராம், இப்போது இரண்டுதானே ஓடுகிறது, இரண்டென்றே எழுது, ஏப்ரல் வருகிறது என்று. எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. பிழைக்கத் தெரியாதவள் என்று திட்டக்கூடச் செய்தேன். அவள் நான்கு என்று எழுதி, காரணம் கேட்ட இடத்தில் 'ஆயுத பூஜை' என்று போட்டாள்.

கம்பெனி இரண்டாவது பெட்டிக்கு இன்னொரு லைசென்ஸ் வாங்கியது. ஏப்ரல் பட்டியலில் அவள் பெயர் இல்லை. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு அந்தக் கம்பெனியின் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இந்த வருட ஆயுத பூஜைக்கு அவள் சர்வரை அணைக்கத் துணியவில்லை. சுரேஷ்பாபுதான் குங்குமத் தட்டோடு வந்து, தெலுங்கு கலந்த தமிழில் சொன்னாராம்.

"ஆஃப் செய்ம்மா, பர்வாலேது. இப்போ அந்தப் பொட்டியில நாலுக்கும் இடம் உந்தி."

அணைத்து, துடைத்து, பொட்டு வைத்தாள். செல்போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். சர்வர் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், கழுத்தில் அதே காண்ட்ராக்ட் அட்டை.