ராசு அண்ணன் வாங்கிய இரண்டாவது பெட்டி

ஆடியோ ரிப்பேர்க் கடை வைத்திருப்பவளிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இது எத்தன வருசம் தாங்கும்?" போனில் எண்களாகக் கிடக்கும் பாட்டை மின் அலையாக்கி ஆம்பிளிஃபயருக்கு அனுப்புகிற டி.ஏ.சி. பெட்டியைத்தான் சொல்கிறேன். விலை கூடினதை வாங்கி நொந்துபோன என் கூட்டாளிகளே, அல்லிநகரத்தில் என் கடைக்கு வந்த ராசு அண்ணன் கதையைக் கேளுங்கள்.

செத்தது எது?

அவருக்குக் கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம். மலிவு விலைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, செத்துப்போச்சு என்று மேஜையில் வைத்தார். பெட்டிக்கு ஒன்றுமில்லை. கரண்ட் ஏறி இறங்கியதில் அடாப்டர் போயிருந்தது. இவற்றில் முதலில் போவது அடாப்டர்தான், அடுத்து ஒயர் சொருகுகிற வாய். உள்ளே கரண்டைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் வறண்டுபோக வருடக்கணக்காகும். சிப் லேசில் சாகாது. வேறு அடாப்டர் போட்டதும் பாடியது. அவர் முகம் மட்டும் தெளியவில்லை.

"பாடுது தாயி, ஆனா வார்த்த வெளங்கலயே. நல்ல வெலையில ஒண்ணு வாங்கிப்புடுறேன்."

விலை கூடினது

வாங்கியும் விட்டார். கறவை மாட்டு விலை. கொஞ்ச நாளில் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு, மனைவி பேச்சியம்மாளோடு வந்தார். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகளின் வாய்ஸ் மெசேஜைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்கத்தான் இத்தனை செலவும். புதுப் பெட்டியிலும் குரல் குழறுகிறதாம்.

அந்த மெசேஜை மலிவுப் பெட்டியில் ஓடவிட்டேன், பிறகு புதியதில் ஓடவிட்டேன். விலை கூடினதில் உள் சாமான் நல்லதாக இருக்கும், இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும். மற்றபடி என் காதுக்கு வித்தியாசமே தெரியவில்லை. இரண்டிலும் அந்தப் பெண் தெளிவாகச் சொன்னாள்: "அப்பா, சித்திரைக்கு வாரேன்." பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராசு அண்ணன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ஏத்தா, என்ன சொல்றா?"

மூக்கில் கட்டிய துண்டு

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்துக்குப் பூச்சிமருந்தடிக்கிற மெஷினை எவ்வளவு காலமாக முதுகில் மாட்டுகிறார் என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தாம். திராட்சைப் பந்தலுக்கு அடியில் அந்த மெஷினின் மோட்டார் காதுக்குப் பின்னாலேயே அலறும். அப்படி அடிபட்ட காதுக்கு மேளம் கேட்கும், பெண்பிள்ளை பேச்சு விளங்காது.

 இதைச் சொல்லாமல் இன்னொரு பெட்டி விற்பது பாவம். பெட்டியில் கோளாறில்லை, நாளைக்கே காது டாக்டரைப் பாருங்கள் என்று சத்தமாகவே சொன்னேன். அவர் பெட்டியில் எரிந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இது எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டார். பத்து வருடத்துக்கு மேலும் ஓடும் என்றேன். பேச்சியம்மாள் அழுதுவிட்டார்.

"மருந்து வாடைக்கு மூக்குல துண்டு கட்டச் சொன்னாக, இவுகளும் கட்டுனாக. காதுக்கும் கட்டணும்னு ஒருத்தருஞ் சொல்லலயே, ஆத்தா!"

மலிவோ விலை கூடினதோ, பெட்டிக்கு அடாப்டர் மாற்றி ஆயுளை நீட்டிவிடுகிறேன். அதைக் கேட்கிற காதுக்குத்தான் என் கடையில் ஸ்பேர் இல்லை.