சிவப்பு நூல் கட்டிய காய்கள்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, குடியுரிமை இல்லையென்று எங்களை இந்தியாவுக்கு அனுப்பிவிட்ட பிறகு, நானும் கணவரும் தாயகம் திரும்பியோர் தங்கும் மண்டபம் முகாம் வழியாகக் கீழ் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தோம். அவருக்குத் தேயிலை எஸ்டேட்டில் வேலை கிடைத்தது. எனக்கு இடமில்லை என்றார்கள். பக்கத்துச் சரிவில் ஒருவர் விதைப் பண்ணை வைத்திருந்தார். அங்கே கூலிக்குச் சேர்ந்தேன்.

பண்ணைக்காரர் புதிய தக்காளி ரகம் ஒன்றுக்கு முயன்றுகொண்டிருந்தார். சமவெளிச் செடி பெரிதாகக் காய்க்கும், ஆனால் மலைக் குளிரில் கருகிவிடும். மலைச்செடி எதையும் தாங்கும், காயோ கோலிக்குண்டு அளவுதான். இரண்டையும் சேர்க்க வேண்டும். சமவெளிச் செடியின் மொட்டு விரியும் முன்பே இடுக்கியால் பிரித்து, தன் மகரந்தமே அதில் படாதபடி உள்ளிருக்கும் மஞ்சள் மகரந்தக் குழலை எடுத்துவிடுவோம். மறுநாள் மலைச்செடியின் மகரந்தத்தைப் பூவின் நடுவே நிற்கும் சூல்முடியில் தொட்டுவைத்து, அடையாளத்துக்குக் காம்பில் சிவப்பு நூல் கட்டுவோம். இடுக்கி கொஞ்சம் அழுந்தினாலும் பூ உதிர்ந்துவிடும். உதிரும்போதெல்லாம் வேலை போய்விடும் என்று பயப்படுவேன். நாட்டை விட்டே அனுப்பிவிட்டார்களே, பண்ணையை விட்டு அனுப்ப எவ்வளவு நேரமாகும்?

காய்கள் முற்றி வரும் சமயம் மூடுபனி இறங்கியது. விலகவே இல்லை. ஒரு காலை, சமவெளிச் செடிகளின் இலைகளில் வெந்நீர் பட்டதுபோல் கறுத்த திட்டுகள். வேலையை மேற்பார்த்த கோயமுத்தூர்ப் பக்கத்து அக்கா ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் வெள்ளைப் பூஞ்சணம்.

“ஏனுங்க, கையைக் கழுவீட்டு வாங்க. இதைத் தொட்ட கையோட அடுத்த செடிக்குப் போயிராதீங்க.”

நோயைப் பரப்பியது நான்தான் என்று சொல்வதாகவே எனக்குப் பட்டது. விரல்கள் விறைக்கும்வரை கழுவினேன்.

“இங்கயும் போகச் சொல்லிட்டா எங்கங்க போறது?” என்று சாயங்காலம் கணவரிடம் கேட்டேன்.

நூல் கட்டிய காய்களை நோய் பிடிக்கும் முன் பச்சையாகவே பறித்து, கொட்டகையில் வைக்கோல் பரப்பி, கரியடுப்பின் சூட்டில் பழுக்கவைத்தோம். காலையில் கதவைத் திறக்கவே கை வராது. உள்ளே அழுகல் வாடை நிற்கும். பெரும்பாலானவை வீணாயின. மிஞ்சிய சில பழங்களின் விதையைப் புளிக்கவைத்து, அலசி, காயவைத்து விதைத்தோம்.

முளைத்தவை தாயையும் தகப்பனையும் மிஞ்சி வளர்ந்தன. “வீரிய ஒட்டுன்னா இப்படித்தானுங்க,” என்று அக்கா பூரித்தார். என்னால் முடியவில்லை. தினமும் இலைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பனி வந்தது, திட்டும் வந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் திட்டுகள் பரவவில்லை, ஓரம் காய்ந்து அப்படியே நின்றுவிட்டன. பக்கத்து வரிசையில் அந்தப் பருவத்துக்கு நட்ட தாய்ச்செடிகள் கருகிச் சாய்ந்திருந்தன. புதுச்செடிகளில் எலுமிச்சை அளவில் கொத்துக் கொத்தாகக் காய் பிடித்தது.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது.

“இந்தப் பழத்து விதையையே போட்டா, இனி பூவோட பூ சேர்க்கிற கிராஸிங் வேலை இருக்காதேக்கா?”

“அதைப் போட்டா ஒண்ணு தாயாட்டம், ஒண்ணு தகப்பனாட்டம் பிரிஞ்சு போயிருமுங்க. வருசா வருசம் புதுசா ஒட்டுச் சேர்க்கோணும்.”

“அப்ப நான்?”

“நாளைக்கு வெள்ளென வந்துருங்க, மொட்டு விரியறதுக்குள்ள.”

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். “வருசா வருசமா?” என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பயம் அன்றோடு போய்விடவில்லை. ஆனால் அன்றைக்கு இருவரும் வயிறாரச் சாப்பிட்டோம்.