வெர்னன் அடிக்காத அடிகள்

என் தம்பி வெர்னன் குலாஸ் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வளைந்த பாதத்தோடு பிறந்தான். நடப்பதே சந்தேகம் என்றார் டாக்டர். பதினேழு வயதில் முப்பது பவுண்டு டிரம்மை மார்பில் மாட்டிக்கொண்டு, கால்பந்து மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அடி பிசகாமல் அணிவகுத்தான். எழுத்துகள் அவன் கண்ணுக்கு நிலையாக நிற்காது. பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்காரவைத்துவிட்டு மறந்துபோனார்கள். அவன் பதினொரு நிமிட நிகழ்ச்சியின் ஒவ்வொரு அடியையும் காதாலேயே கற்றுக்கொண்டான். 1974-ல் மாநிலப் போட்டியில், எங்களைப்போல மூன்று மடங்கு ஆட்கள் உள்ள பெரிய நகரத்துக் குழுக்களைத் தாண்டி, டிரம் வரிசைக்கான முதல் பரிசு எங்கள் ஊருக்கு வந்தது. ஒரு தடவை மாதா கோயில் குலுக்கலில் ஒரு முழுப் பன்றித் தொடையும் விழுந்தது. அதற்கு அவன் பாடுபடவில்லை, இருந்தாலும் விட்டுவிட மனமில்லை.

கடைசியாக அவன் ஜெயித்தது 2019 ஆகஸ்டில். அதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் விஸ்கான்சினில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது. முன்னாள் போர்வீரர் சங்கம் நடத்திய டிரம் குழுவுக்கு ஹெரான்ஸ், அதாவது நாரைகள், என்று பெயர். நாரையின் சாம்பல் நிறத்தில் சட்டை. பித்தளை ஊதுகுழல்களும் டிரம்களும் மட்டும்தான், வேறு வாத்தியம் கிடையாது. கோடை முழுக்கப் பிள்ளைகள் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்ப் போட்டியிடுவார்கள். பள்ளிக்கூடத் தரையில் படுத்துத் தூங்குவார்கள். இருபத்தொரு வயது ஆனால் விலகிவிட வேண்டும். அப்படி விலகுகிறவர்கள் கடைசி நிகழ்ச்சி முடிந்ததும் குச்சிகளை மைதானத்தின் வெள்ளைக் கோட்டில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். குச்சியை வைக்காதவன் இன்னும் குழுவில் இருக்கிறான் என்றுதான் கணக்கு.

ஹெரான்ஸில் பெரிய டிரம் அடிப்பவர்கள் ஐந்து பேர். ஒன்றாம் டிரம் சிறியது, கணீரென்று கேட்கும். ஐந்தாவது வயிற்றுக்குள் முழங்கும். அவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், நம்பர்தான். வெர்னன் நாலு. நிகழ்ச்சியின் நடுவில் குழல்கள் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். அந்த நிசப்தத்தில் ஐந்து டிரம்களும் ஆளுக்கு ஓர் அடியாகச் சத்தத்தைக் கைமாற்றிக்கொண்டே போகும். யாரோ ஒருவர் இருட்டில் படியிறங்கி மறுபடி ஏறிவருவதுபோல் இருக்கும். படிக்கட்டு என்றுதான் அதைச் சொல்வார்கள். ஒருவன் இல்லாவிட்டால் அந்தப் படி இருக்காது.

1975 ஜூலையில் பஸ் எஞ்சின் போயிற்று, சங்கத்திடம் பணம் இல்லை, குழுவைக் கலைத்துவிட்டார்கள். அந்த வருஷத்தின் கடைசி நிகழ்ச்சி நடக்கவே இல்லை. ஐந்து பேரில் ஒருவரும் குச்சியை வைக்கவில்லை.

வெர்னன் சீஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். ஒவ்வொரு கோடையும் விடுப்பு எடுத்துக்கொண்டு, பழைய ஹெரான்ஸ் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, அயோவாவோ ஓஹையோவோ, எங்கே போட்டி நடந்தாலும் வேலி ஓரம் போய் நிற்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கணவர் இறந்த பிறகு என் வீட்டுக்கு வந்துவிட்டான். தினமும் காலையில் காபி ஆறும்வரை கட்டைவிரலால் மேஜையில் படிக்கட்டை அடிப்பான். அவனுடைய அடிகளை மட்டும்தான். டும். பிறகு ஒன்றுமில்லை. டும் டும். மறுபடி ஒன்றுமில்லை. அந்த இடைவெளிகளை அவன் அவ்வளவு சரியாக விடுவான், கேட்பவருக்கு அடுத்த மூச்சு விடத் தோன்றாது.

ஒன்றாம் நம்பர் கெர்ரி 1988-ல் பனிச்சாலையில் லாரி சறுக்கி இறந்தான். அடக்கத்துக்கு மறுநாள் காலை வெர்னன் மேஜையில் அடித்துக்கொண்டிருந்தபோது, இடைவெளியில், அலமாரியில் ஒரு கண்ணாடி டம்ளர் கணீரென்றது.

"டேய் வெர்ன், கேட்டுச்சா?"

"எது?"

"அந்த டம்ளர்."

"அது கெர்ரி," என்றான், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "கொஞ்சம் முந்திட்டான். எப்பவும் அப்படித்தான், சோத்துக்குப் பறக்குறவன் மாதிரி."

எதையும் சரிபார்க்காமல் விடுகிற ஆள் இல்லை நான். டம்ளர்களை ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி வைத்தேன். அடியில் துண்டு விரித்தேன். மறுநாள் கழுவுதொட்டியில் கிடந்த கரண்டி அதே இடத்தில், அதே சுருதியில் ஒலித்தது. இரண்டாம் நம்பர் நுரையீரல் கெட்டு இறந்த வாரத்திலிருந்து வீட்டைச் சூடாக்கும் குழாய் ஒன்று சேர்ந்துகொண்டது. ஐந்தாம் நம்பர் வாசலில் குவிந்த பனியை வாரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அன்றிலிருந்து நிலவறையில் கொதிகலன் முழங்கியது, கோடையில் அணைத்து வைத்திருந்தபோதும். வெர்னன் இல்லாத நேரத்தில் நானே கட்டைவிரலால் அடித்துப் பார்த்தேன். வீடு வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நம்பர் காஸிமிர் மட்டும் மிச்சம். சின்ன வயதில் வைக்கோல் பரணிலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்தவன். கை முழுசாக உயராது. அதனால் டிரம்மின் நடுவில் அடிக்காமல், ஓர் உள்ளங்கை அகலம் கீழே தள்ளி அடிப்பான். அவன் டிரம் தோலில் மட்டும் அடிபட்டுப் பதிந்த கறுப்பு வட்டம் தாழ்ந்திருக்கும். 2019 மார்ச்சில் அவனும் போனான். மறுநாள் காலை ரொட்டி டப்பா தன் பங்கை அடித்தது. அன்று படிக்கட்டு என் சமையலறையில் முழுதாக இறங்கி ஏறியது. நான் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கோடையில்தான் ஹைடி வந்தாள். பழைய குழல்காரர் ஒருவரின் மகள், பள்ளிக்கூடத்தில் இசை டீச்சர். ஹெரான்ஸின் பழைய ஆட்களைக் கூட்டி ஒரே ஒரு நிகழ்ச்சி நடத்த ஏற்பாடு செய்தாள். ஆகஸ்டில் எங்கள் ஊர் மைதானத்தில் இளைஞர் குழுக்களின் போட்டி. அது முடிந்து மதிப்பெண் அறிவிக்கும் முன்பு பதினொரு நிமிடம் எங்களுக்கு. வெர்னன் அன்றைக்கே ஜாக்கெட்டை வெயிலில் போட்டான்.

"நாப்பத்திநாலு வருஷம் அவனுங்களைக் காக்க வெச்சிருக்கேன், டோலி," என்றான். டோலரஸ் என்ற என் பெயரை அவன் அப்படித்தான் சுருக்குவான்.

போட்டி நாள் காலையில் ஒத்திகை. முழங்காலில் பட்டை கட்டிய கிழவர்களும், பல்செட்டோடு குழல் ஊதுகிறவர்களும் வந்திருந்தார்கள்.

"ஏய் நாலு, ஜாக்கெட் சுருங்கிருச்சா, நீ பெருத்துட்டியா?"

"துவைச்சுத் துவைச்சுச் சுருங்கிருச்சு. உன் சம்சாரம்தான் துவைச்சுக் குடுத்தா, கேட்டுப்பாரு."

சிரிப்பு அடங்கியதும் குழல்கள் தொடங்கின. படிக்கட்டு வரும் இடத்தில் எல்லாம் நின்றன. வெர்னன் தனியாக அடித்தான். டும். ஒன்றுமில்லை. டும் டும். ஒன்றுமில்லை. என் சமையலறையில் கேட்டது எதுவும் அங்கே கேட்கவில்லை. வெயிலில் கொடிக்கம்பத்துக் கயிறு ஆடும் சத்தம் மட்டும். குழல்காரர்கள் தங்கள் ஷூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஹைடி அவன் அருகில் வந்தாள். "வெர்ன், தப்பா நினைக்காதீங்க. நாலு பசங்களைத் தர்றேன், நல்லா அடிப்பாங்க."

"அந்த இடத்துல ஆள் இருக்காங்கம்மா."

"அப்ப அஞ்சையும் நீங்களே அடிச்சிடுங்களேன்?"

"நாலு, நாலோடதைத்தான் அடிக்கும்."

"ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பாங்க. உங்களைப் பாத்துச் சிரிச்சா என்னால தாங்க முடியாது. அந்த இடத்தை வெட்டிடலாம்."

"வெட்டிட்டா நான் எதுக்கு?" என்றான். கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "இதுக்கப்புறம் எனக்கு வேற நிகழ்ச்சி கிடையாதும்மா. அவனுங்களுக்கும் கிடையாது. அவனுங்க டிரம் நாலும் சங்கத்து வேன்லதான் கிடக்கு. அதை எடுத்து வரிசைல வைங்க. காலைல வைக்கலை, அதான்."

ஹைடி என்னைப் பார்த்தாள். "வெச்சுப் பாரேன்," என்றேன். செத்தவர்களுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று அவள் சம்மதித்தாள்.

சாயங்காலம் அந்த டிரம்களைத் தாங்கிகளில் ஏற்றி வைத்தது நான்தான். முன்வரிசையில், ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு வெர்னனுக்கு இடம், அப்புறம் ஐந்து. நாங்கள் மைதானத்தில் இறங்கும்போது சூரியன் மறைந்துவிட்டது. ஆற்றிலிருந்து மூடுபனி புல்லின் மேல் ஊர்ந்து வந்தது. டிரம் தோல்களில் பனி படிந்தது, ஐந்திலும் ஒரே சீராக. துடைக்கலாமா என்று துண்டை எடுத்தேன், அதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது. நான் வேலி ஓரம், அவர்களுக்கு நேர் பின்னால் நின்றுகொண்டேன்.

குழல்கள் நின்றன. டிரம்காரர்கள் சேர்ந்து தொடங்குவதற்கு வாய்க்குள் டட், டட் என்று எண்ணுவார்கள். வெர்னன் எண்ணினான். எனக்குக் கேட்டது ஒரு குரல் மட்டும் இல்லை.

படிக்கட்டு இறங்கியது. முழுசாக. கெர்ரி கொஞ்சம் முந்தினான். ஐந்தாம் அடி என் உள்ளங்காலில் ஏறியது. வெர்னனின் கை மட்டும்தான் அசைந்தது, அவன் அடிக்காத ஒவ்வோர் அடியும் அதனதன் இடத்தில் விழுந்தது. இறங்கி, அடியில் ஒரு கணம் நின்று, ஏறி வந்தது. பார்வையாளர் வரிசைகளில் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. குழல்கள் மறுபடி எழவேண்டிய இடத்தில் எழவில்லை. முன்னால் நின்று தாளம் காட்டிய ஹைடி கையை உயர்த்தியபடியே நின்றிருந்தாள். பிறகு யாரோ ஊதினார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

முடிந்ததும் கூட்டம் முழுக்க எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. வெர்னன் குனிந்து குச்சிகளை வெள்ளைக் கோட்டில் வைத்தான். வளைந்த பாதத்தை இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனான்.

திரும்பக் கூடாது என்பது அவனுக்கு. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. நான் அந்த நாலு டிரம்களையும் பார்த்தேன். பனி படிந்த ஒவ்வொரு தோலிலும் குச்சித் தலை அளவுக்கு ஒரு வட்டம் காய்ந்திருந்தது.

ஹைடியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பக்கத்துல ஒண்ணை அடிச்சா மத்ததும் அதிரும், டோலரஸ்," என்றாள். "அதிர்ந்தா பனி உதிரும். சத்தம்கூட அப்படித்தான்..."

"உதிர்ந்தா நடுவுலதானே உதிரணும்? மூணாவதைப் பாரு."

மூன்றாம் டிரம்மில் வட்டம் ஓர் உள்ளங்கை அகலம் கீழே இருந்தது.

"காஸிமிர் எங்க அடிப்பான்னு உங்கப்பாகிட்ட கேளு."

அவள் கேட்கப் போகவில்லை. என் துண்டை வாங்கித் தோலைத் துடைக்கக் கை நீட்டினாள். தொடாமலே கையை இழுத்துக்கொண்டாள். டிரம்களை வேனில் ஏற்ற மறுநாள் பகல்வரை யாரும் முன்வரவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் வெர்னன் கேட்டது ஒன்றுதான். "காஸ் எப்படி அடிச்சான்?"

"நல்லா அடிச்சான்டா."

"மெதுவா அடிப்பானோன்னு பயந்தேன்," என்றான். ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

மறுநாள் காலை காபி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவன் கட்டைவிரல் மேஜைமேல் அசையாமல் கிடந்தது. டம்ளர், குழாய், கொதிகலன், ரொட்டி டப்பா, எதிலும் சத்தமில்லை.

"அடிக்கலையா?"

"முடிஞ்சிருச்சு, டோலி. எல்லாரும் வெச்சுட்டுப் போயிட்டாங்க."

முப்பத்தோரு வருஷமாக அலமாரியில் விரித்திருந்த துண்டை எடுத்துத் துவைக்கப் போட்டேன். அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் பயமாக இருந்தது.

ஹெரான்ஸில் இன்னொரு வழக்கமும் உண்டு. சேரும் நாளில் டிரம்மின் உள்பக்க மரத்தில் பெயரும் தேதியும் எழுத வேண்டும், விலகும்போது அதன் கீழே இன்னொரு முறை. நாலாம் டிரம்மைச் சங்கம் வெர்னனுக்கே கொடுத்துவிட்டது. அந்த வாரம் அவன் அதை மேஜைமேல் வைத்து, "கழட்டிக் குடு, எழுதணும்," என்றான். நான் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தோலை எடுத்தேன். அவன் உள்ளே கைவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாக எழுதினான்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அதற்கு மேலே இருந்ததை. பதினான்கு வயதுவரை பள்ளிக்கூடத்தில் பெயருக்குப் பதிலாக வெறும் பெருக்கல் குறி போட்டு வந்தவன், டிரம் கிடைக்கும் என்பதற்காக, நான் மாவுப் பையில் எழுதிக்கொடுத்ததை ராத்திரியெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகி, முதல்முதலாகத் தானாக எழுதியது. கோணல் எழுத்து, ஓர் எழுத்து இடவலம் திரும்பியிருந்தது, ஆனால் ஒன்றும் விட்டுப்போகவில்லை:

வெர்னன் குலாஸ், 1971 ஜூன் 6.