கண்டக்டர் ஏறாத பஸ்

ஓய்வு பெற்று வந்த முதல் ஆறு மாதம் தூங்கினேன். அதற்குப் பிறகு தூங்கவும் அலுத்துவிட்டது. முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே காலம் தள்ளியவனுக்கு, உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது, நின்றால் முழங்கால் வலிக்கிறது, படுத்தால் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. வேலையில் இருந்தபோது அதைத் திட்டாத நாள் கிடையாது. சில்லறைச் சண்டை, படிக்கட்டில் தொங்கும் கூட்டம், அந்தந்த நேரத்துக்குக் கிடைக்காத சோறு. சட்டி சுட்டது கை விட்டது என்று வந்தவன்தான். வந்த பிறகு எதைப் பிடித்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

என் மனைவி பார்த்துப் பார்த்துச் சலித்து, தருமபுரியில் ஒரு மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு என்னைத் துரத்திவிட்டாள். எந்த வயதிலும் உற்சாகமாக வாழ்வது எப்படி என்று பேசினார்கள். பேசியவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. "உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும்? கண்ணை மூடி யோசிங்க" என்றார். மூடினேன். பக்கத்தில் இருந்தவர் தட்டி எழுப்பியபோது சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே சிரித்தேனே தவிர, உள்ளே பயமாகத்தான் இருந்தது. அறுபது வருடம் என்னோடே குடித்தனம் நடத்தியிருக்கிறேன். எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பின்வாசலை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்தேன். எங்கள் ஊர் பாப்பாரப்பட்டி தாண்டி இருக்கிறது. பாப்பாரப்பட்டியில் கண்டக்டர் டீ குடிக்க இறங்கினார். கீரைக்கட்டோடு ஒரு அம்மா ஏற முடியாமல் திணறினார். எழுந்துபோய் கட்டை வாங்கி உள்ளே வைத்தேன். கையைப் பிடித்து ஏற்றினேன். பின்னால் யாராவது ஓடி வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன்.

"போலாம் ரைட்!"

என் குரல்தான். டிரைவரும் வஞ்சனையில்லாமல் வண்டியை எடுத்துவிட்டார்.

"அண்ணா, கண்டக்டர் ஏறலைங்கண்ணா!" என்று ஒரு கல்லூரிப் பெண் கத்தியபோது பஸ் கடைசி வீட்டைத் தாண்டியிருந்தது. நிறுத்தினார்கள். கண்டக்டர் யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். கையில் டீ கிளாஸ் அப்படியே இருந்தது.

"யாருங்க ரைட் குடுத்தது?"

கீரைக்கார அம்மா என்னைக் கைகாட்டிவிட்டார். ஏற்றிவிட்டதற்கு நல்ல கூலி.

"ஏனுங்க பெரியவரே, உங்களுக்கு எதுக்குங்க இந்த வேல? கம்முனு உக்காந்து வர மாட்டீங்களா?"

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துக் கொடுத்திருப்பேன். நானும் கண்டக்டராக இருந்தவன்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், விழுங்கிக்கொண்டேன். மீதித் தூரமும் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தேன். ஒரே அவமானம். ஆனால் அந்தக் கீரைக்கட்டை வாங்கியபோது எனக்கு இடுப்பும் வலிக்கவில்லை, முழங்காலும் வலிக்கவில்லை.

வீட்டில் மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். நான் பஸ் கதையைச் சொன்னேன். சிரித்த சிரிப்பில் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அது இன்னொன்றை ஞாபகப்படுத்தியது. மொரப்பூர் டிரிப்பில் ஒரு கல்யாணக் கூட்டம் சீர்த்தட்டை எல்லாம் எண்ணி ஏற்றிவிட்டு, மாப்பிள்ளையை விட்டுவிட்டு வந்தது. "அப்புறம்?" என்றாள். நாங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனதைச் சொன்னேன். பிறகு, வாரம் தவறாமல் டிக்கெட் எடுத்து, போன பஸ்ஸிலேயே இறங்காமல் திரும்பிவரும் ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னேன். பேச ஆள் வேண்டுமென்றுதான் அவர் ஏறுவார். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.



"இத்தன கதைய வச்சுக்கிட்டா இருந்தீங்க? வூட்டுக்கு வந்தா சோத்தத் தின்னுட்டு செவுத்தப் பாத்துப் படுத்துக்குவீங்க. உங்களுக்கு மனுசங்களையே புடிக்காதுன்னுதான் இத்தன வருசமும் நெனச்சுக்கிட்டு இருந்தேனுங்க" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.