பூவம்மாளின் கேஸ் செலவு

கோர்ட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டு, முருகன் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் எதிராளியைத் தேடுவாள் பூவம்மாள். எதிராளி வேறு யாருமில்லை, அவளுடைய அக்காள் வீட்டுக்காரர் நாகேந்திரன். இருவருக்கும் ஆந்திர எல்லையோரத்தில் ஒரே ஊர். திருத்தணிக்கு ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள்தான். ஆனாலும் அப்போதுதான் கண்ணில் பட்டவரைப்போல முறைப்பாள்.

"வாங்க பாவா. என் கெணத்த முழுங்கிட்டு ஏப்பம் உட்டுக்கினு நிக்கறீங்க, நல்லா இருங்க."

எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த 'ங்க' மட்டும் தவறாது.

அப்பா விட்டுப்போன நிலத்தை அக்காளும் தங்கையும் பிரித்துக்கொண்டபோது கிணறு நடுவில் மாட்டிக்கொண்டது. நாகேந்திரன் அதைச் சுற்றி முள்கம்பி போட்டார். பூவம்மாளின் கனகாம்பரம் காய்ந்தது. அவள் வழக்குப் போட்டாள். அந்த ஊரில் அவள் ரேஷன் அரிசி தமிழ்நாடு, கிணற்று மோட்டாருக்குக் கரண்டு ஆந்திரா. அதனால் வக்கீல் திலீப் அப்போதே தயங்கினார்.

"கெணறு ஆந்திரா பக்கம் போல தெரியுதேம்மா. புத்தூர் கோர்ட்டுல போட்டுடலாமா?"

"முருகன் பாத்துக்கினு இருக்கற எடத்துலயே ஞாயம் கெடைக்கலன்னா, புத்தூர்ல எவன் தரப்போறான்?" என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

காலையில் அவ்வளவு வாய் பேசியவள், மதியம் மரத்தடியில் எதிராளிக்கும் சேர்த்துத்தான் புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பாள். அவர் கையில் அக்காள் கொடுத்தனுப்பிய கோங்குரா ஊறுகாய் இருக்கும். பார்த்தவர்கள் சிரித்தால், "கேஸு கெணத்து மேல. ஊறுகா இன்னா பண்ணுச்சு?" என்பாள்.

வருஷக்கணக்கில் இப்படி ஓடிக்கொண்டிருந்த வழக்கில், நிலத்தை அளக்க சர்வேயர் வந்தார். கிணறு முழுக்க ஆந்திராவில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாய்தாவில் நீதிபதியம்மாள், இந்த வழக்கை விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை, மனுவைத் திருப்பித் தருகிறோம், புத்தூரில் போட்டுக்கொள்ளலாம் என்றார். அந்த நேரம் பார்த்து நாகேந்திரனின் வக்கீல் எழுந்து, தன் கட்சிக்காரரை வீணாக அலையவிட்டதற்குச் செலவுத்தொகை கேட்டார்.

திலீப் தடுப்பதற்குள் பூவம்மாள் முன்னால் வந்துவிட்டாள்.

"அம்மா, ஒரு வார்த்தைங்க. கெணறு யாருதுன்னு சொல்ல அதிகாரம் இல்லேன்றீங்க. செலவக் குடுன்னு சொல்ல மட்டும் எங்கருந்துங்க அதிகாரம் வரும்?"

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியம்மாளும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"வரும்மா. வழக்கை விசாரிக்கத்தான் அதிகாரமில்லை. தப்பான எடத்துக்கு வந்து எல்லாரையும் அலைய வெச்சா, அந்தச் செலவு யாரோடதுன்னு இந்தக் கோர்ட்டே சொல்லலாம். சட்டத்துலயே இருக்கு. இங்க போடணும்னு சொன்னது யாரு?"

பூவம்மாள் திலீப்பைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். பழியை அவர் தலையில் கட்ட அவளுக்கு மனம் வரவில்லை. "நான்தாங்க" என்றாள்.

நாகேந்திரன் முகம் மலர்ந்தது. நீதிபதியம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

"கெணறு ஆந்திராவுலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஆங், தெரியும்ங்க. வரி நாந்தான கட்றேன்."

"அப்ப மொத நாளே ஏன் சொல்லல?"

நாகேந்திரன் தலையைச் சொறிந்தார். "புத்தூருக்கு ரெண்டு பஸ்ஸு மாறணும்ங்க. இதுன்னா ஒரே பஸ்ஸு. மத்தியானம் சோறும் பூவு கொண்டாந்துரும்."

அவருடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். தெரிந்தே வாய்மூடி இருந்தவருக்குச் செலவு கிடையாது, அவரவர் செலவு அவரவருக்கு என்று உத்தரவாயிற்று.

சாயங்காலம் திரும்பியது பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில். பூவம்மாள் மனுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் நாகேந்திரன்.

"உங்க செலவு உங்களுக்கு, என் செலவு எனக்கு. எனக்குத்தான் டிக்கெட்டே இல்லியே பாவா!" அன்று முழுவதும் வராத சிரிப்பு அப்போது வந்தது.

நாகேந்திரன் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். "சில்லற இல்லேன்னா எறங்கிக்கினு போங்க பெரியவரே" என்றார் கண்டக்டர். பஸ் நின்றது. நாகேந்திரன் மெதுவாக எழுந்தார்.

"குந்துங்க" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்த பூவம்மாள், முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கண்டக்டரிடம் காசை நீட்டினாள். டிக்கெட்டுக்காக நாகேந்திரன் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"புத்தூர்ல செலவு கேக்கறப்ப காட்டணும்."

"செக்கிங் வந்தா?"

"எங்கிட்ட கேக்கச் சொல்லுங்க" என்றவள், டிக்கெட்டை மனுவின் தாள்களுக்கு நடுவில் செருகி, கட்டை இறுக்கி, பல்லால் இழுத்து இன்னொரு முடிச்சும் போட்டாள்.